யாழினியின் எலும்பும் நான் சொன்ன பெயரும்

யாழினிக்கு இரண்டு வயது முடியப்போகிறது. இன்னும் நடக்கவில்லை. இதுவரை அவள் உடம்பில் எட்டு முறிவுகள். அதில் நான்கு, எங்களுக்குத் தெரியாமலே நடந்து, தெரியாமலே கூடிக்கொண்டவை. ஐந்தாவது முறிவில்தான் எல்லாம் வெளியே வந்தது. அப்போது அவளுக்கு நாலரை மாதம்.

நாங்கள் இருப்பது புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே, பழைய தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில். என் கணவர் நேசன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நான் தஞ்சோங் காராங்கில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கிராணி. சிமெண்ட், இரும்புக் கம்பி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் பில் போடுவது என் வேலை. பிரசவ விடுமுறை மூன்று மாதம். அது முடிந்ததும் பிள்ளையை நாலு வீடு தள்ளி இருக்கும் லெட்சுமி அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

லெட்சுமி அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். கணவர் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. எங்கள் வரிசையில் வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய பிழைப்பு. அப்போது யாழினியோடு சேர்த்து அவரிடம் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அக்கா கடைக்கு போன் செய்தார்.

"கஸ்தூரி, புள்ள காலத் தொடவே விடமாட்டேங்குறாம்மா. பாம்பர்ஸ் மாத்துனேன், அப்ப புடிச்ச அழுக இன்னும் நிக்கல. நீ வந்துரு."

நான் போய்ச் சேர்ந்தபோது யாழினி அழுது அழுது குரல் போய்க் கிடந்தாள். வலது தொடை வீங்கியிருந்தது. கிளினிக்கில் பார்த்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைத் திரையில் காட்டிய டாக்டர் சின்ன வயசுப் பெண். தொடை எலும்பு நடுவில் குறுக்காக முறிந்திருந்தது. தொடை எலும்பு உடம்பிலேயே பெரிய எலும்பு, கைக்குழந்தைக்கு அது சும்மா முறியாது என்றார். பிறகு மலாயில் கேட்டார்: "பிள்ளை யார்கிட்ட இருந்துச்சு?"

அந்தக் கேள்வி அப்போது எனக்குச் சாதாரணமாகத்தான் பட்டது.

அன்றைக்கே ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மறுநாள் தலையில் இருந்து கால் விரல் வரைக்கும் யாழினியைத் துண்டு துண்டாக எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் அவளைத் திருப்பும்போது கத்தினாள். ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு நான்தான் அவள் கையைப் பிடித்திருந்தேன். படம் எடுத்தவர் கடைசியில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் எங்கள் இருவரையும் ஓர் அறைக்குக் கூப்பிட்டார்கள். குழந்தை டாக்டர், தலையில் தூடோங் முக்காடு போட்ட நடுத்தர வயது அம்மா. பக்கத்தில் ஆஸ்பத்திரியின் சமூகநல அதிகாரி ஒருவர், கையில் ஃபைலோடு. டாக்டர் குரலை உயர்த்தாமல் பேசினார். முறிந்தது தொடை மட்டும் இல்லை. தோள்பட்டைக் காறை எலும்பு, இரண்டு விலா எலும்பு, இடது முன்கை, இவை ஏற்கனவே முறிந்து கூடியிருக்கின்றன.

எப்படித் தெரியும் என்று நேசன் கேட்டார். டாக்டர் விளக்கினார். எலும்பு முறிந்தால் முதலில் அந்த இடத்தில் இரத்தம் கட்டும். சில நாளில் அது காது மடல் மாதிரி மெத்தென்ற குருத்தாக மாறும். அப்புறம் சுண்ணாம்புச் சத்து ஏறி, முடிச்சுப் போட்ட கயிறு மாதிரி தடித்த எலும்பாகும். கடைசியில் உடம்பே அந்த முடிச்சைச் செதுக்கிப் பழையபடி ஆக்கிவிடும். இதில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்தால் எப்போது முறிந்தது என்று ஓரளவு சொல்லலாம்.

"காறை எலும்பு பிறக்கும்போதே முறிஞ்சிருக்கலாம். விலா எலும்பு ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும். கை நாலஞ்சு வாரம்," என்றார். பிறகு, "இப்படி இருந்தா நாங்க போலீசுக்குச் சொல்லியாகணும். அது சட்டம்," என்றார்.

அறையை விட்டு வரும்போது நான் விரல் விட்டு எண்ணினேன். அக்காவிடம் விட்டு ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் பிள்ளை என்னிடம்தான் இருந்தாள். அப்போது லெட்சுமி அக்கா அவளைப் பார்க்கவே ஆரம்பிக்கவில்லை. இதை நான் எண்ணினேன், புரிந்துகொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

வார்டில் யாழினியின் இரண்டு கால்களையும் மேலே தூக்கி, கட்டிலுக்கு மேலே இருந்த கம்பியில் கட்டி, எடை தொங்கவிட்டிருந்தார்கள். இடுப்பு மெத்தையில் படாமல் அரை விரல் உயரத்தில் நின்றது. எலும்பு நேராகக் கூட இரண்டு மூன்று வாரம் அப்படியே கிடக்க வேண்டும். தூக்கிப் பால் கொடுக்க முடியாது. நான் கட்டிலின் மேல் குனிந்து, முட்டி போட்டுக்கொண்டு கொடுத்தேன். எங்கள் கட்டிலுக்கு மட்டும் திரை போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நர்ஸ் மேசையில் இருந்து பார்த்தால் நாங்கள் தெரிய வேண்டும். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு நிமோனியா. முதல் நாள் அவன் அம்மா எனக்கு பிஸ்கட் கொடுத்தார். மூன்றாம் நாள் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

எங்களைத் தனித்தனியாக விசாரித்தார்கள். வீட்டில் சண்டை வருமா, கணவர் குடிப்பாரா, பிள்ளை அழுதால் எனக்கு எப்படி இருக்கும், பிரசவத்துக்குப் பிறகு அழுகை வந்ததா. வந்தது என்று உண்மையைச் சொன்னேன். அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு நேசன் கேண்டீனில் வைத்துக் கேட்டார். "கஸ்து, நான் கோவிச்சுக்க மாட்டேன். அசதியில எதாச்சும்... புள்ளய எங்கயாச்சும் போட்டுட்டியா?"

"நீங்க போட்டீங்களா?" என்றேன்.

"என்ன?" என்றார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். லோரி எஞ்சின் சத்தத்தால் என்று நினைத்திருந்தோம். மறுபடியும் சத்தமாகக் கேட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். கல்யாணம் ஆகி நாலு வருடத்தில் அவர் என் மேல் சந்தேகப்பட்டதும் நான் அவர் மேல் சந்தேகப்பட்டதும் அன்றைக்குத்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் இரண்டு நாள் இருந்தோம்.

மூன்றாவது ஆளை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது நேசனுடைய அக்கா. பிள்ளையைப் பார்க்க வந்தவர் வராந்தாவில் வைத்துச் சொன்னார். "ரெண்டு பேரும் ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? நாள் பூரா புள்ள யாருகிட்ட இருந்துச்சு? நாலு புள்ளய ஒத்த ஆளு பாக்குறா. ஒன்னு கத்துனா கையப் புடிச்சு இழுத்திருப்பா. இதுகூடவா தெரியல?"

நேசன் உடனே தலையை ஆட்டினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி எனக்கும் வேண்டியிருந்தது.

"அண்ணி, விலா எலும்பு அதுக்கு முன்னாடியே..." என்று ஆரம்பித்தேன்.

"டாக்டருங்க சொல்ற தேதியெல்லாம் முன்ன பின்ன இருக்கும்லா," என்றார் அண்ணி.

மறுநாள் போலீஸ்காரப் பெண்மணி வார்டுக்கு வந்து, யார் மேலாவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். அதற்கு முந்தின நாள்தான் நலத்துறையில் இருந்து வந்தவர், விசாரணை முடியும்வரை பிள்ளையை வேறு இடத்தில் வைக்க வேண்டி வரலாம் என்று சொல்லியிருந்தார். கட்டிலில் யாழினி தொங்கிக்கொண்டிருந்தாள். நான் லெட்சுமி அக்காவின் பெயரைச் சொன்னேன். முழுப் பெயர், வீட்டு நம்பர், போன் நம்பர் எல்லாம் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா மூன்று பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதற்குள் அவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு ஐந்து மணி நேரம் விசாரித்திருந்தார்கள். வார்டு கதவுக்கு வெளியே நின்றார். கையில் எனக்காக ஒரு டப்பாவில் இட்டலி.

"கஸ்தூரி, நீ என்னச் சொன்னியா?" என்று கேட்டார்.

நேசன்தான் முன்னால் போய், "போயிருங்க, இங்க வராதீங்க," என்றார். அக்கா டப்பாவை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். அதை நாங்கள் தொடவில்லை. துப்புரவு செய்பவர் எடுத்துப் போட்டார்.

அந்த வாரமே மற்ற மூன்று பிள்ளைகளையும் அவரவர் வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் வரிசையின் வாட்சாப் குழுவில் யாரோ அக்காவின் படத்தைப் போட்டு, 'பிள்ளைகளை இவரிடம் விடாதீர்கள்' என்று எழுதியிருந்தார்கள். நான் அதைப் பார்த்தேன். ஒன்றும் எழுதவில்லை.

பன்னிரண்டாம் நாள் வேறு ஒரு டாக்டர் வந்தார். பரம்பரையாக வரும் நோய்களைப் பார்ப்பவர், வயதான சீனர். குழந்தை டாக்டர்தான் அவரை வரவழைத்திருந்தார். தலை எக்ஸ்ரேயில் மண்டை ஓட்டின் இணைப்பு ஓரங்களில் சின்னச் சின்னத் துண்டெலும்புகள் அதிகமாக இருப்பது அந்த அம்மாவுக்கு உறுத்தியதாம். சீன டாக்டர் யாழினியின் கண் இமையை விரலால் மெல்ல விரித்து, சின்ன டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நேசனைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"நீங்க வெளிச்சத்துக்கு வாங்க," என்றார்.

நேசன் ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவருடைய கண்ணின் வெள்ளைப் பகுதி லேசாக நீலம் பாய்ந்திருக்கும். பெண் பார்க்க வந்தபோது நான் அதைத்தான் முதலில் கவனித்தேன். அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்ததாம். யாழினி பிறந்ததும், அப்பா கண் அப்படியே இருக்கு என்று எல்லோரும் சொன்னார்கள்.

"சின்ன வயசுல எலும்பு முறிஞ்சிருக்கா?"

"கை ரெண்டு தடவ. கால் ஒரு தடவ. பந்து விளையாடுறப்ப."

"காது?"

"என்ன?" என்றார் நேசன்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப உங்களுக்கு லேசாப் புரியும். வீட்டுத் தூணுக்கு கான்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடி என்ன செய்வாங்க?"

"கம்பி கட்டுவாங்க."

"கம்பி இல்லாம ஊத்தினா?"

"நிக்கும். தட்டினா உடையும்."

எலும்பும் அதே மாதிரிதான் என்றார். வயிற்றில் கரு இருக்கும்போது முதலில் எலும்பே கிடையாது. பெரும்பாலும் குருத்துதான், எலும்பு வடிவத்தில் வார்த்து வைத்த குருத்து. அப்புறம் எலும்பு கட்டும் செல்கள் உள்ளே போய், கொலாஜன் என்ற நாரைப் பின்னிப் பின்னி வைக்கும். அதுதான் கம்பி. அதன் மேல் சுண்ணாம்புச் சத்து படியும். அது சிமெண்ட். பிள்ளை பிறந்த பிறகும் இந்த வேலை நிற்பதில்லை. கை கால் எலும்புகளின் நுனியில் குருத்து வளர்ந்துகொண்டே இருக்கும், பின்னாலேயே அது எலும்பாகிக்கொண்டே வரும். அப்படித்தான் உயரமாகிறோம். இன்னொரு பக்கம், பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் இருக்கின்றன. கட்டுவதும் இடிப்பதும் சாகும்வரை நடக்கும்.

"உங்க பிள்ளைக்கு சிமெண்ட் இருக்கு. கம்பிதான் சரியில்ல. அவ அப்பாகிட்ட இருந்து வந்திருக்கு. அந்த நீலக் கண்ணும் மந்தக் காதும் அதோட அடையாளம். அவருக்கு லேசா, இவளுக்குக் கொஞ்சம் கடுமையா. ஒரே குடும்பத்துல அப்படி வரும். உறுதி பண்ண இரத்தம் அனுப்பணும், சில வாரம் ஆகும். ஆனா எனக்குப் பெரிய சந்தேகம் இல்ல."

நேசன் சுவரில் சாய்ந்துகொண்டார். நான் கேட்டேன், "அப்ப ஒடிச்சது யாரு டாக்டர்?"

"யாரும் இல்ல. பாம்பர்ஸ் மாத்த ரெண்டு காலையும் புடிச்சுத் தூக்கினா போதும். எல்லாரும் அப்படித்தான் தூக்குவாங்க. கைக்கு சட்டை மாட்டுறது போதும்."

"விலா எலும்பு?"

"குளிப்பாட்டும்போது எப்படிப் புடிப்பீங்க?"

காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை என் கால் மேல் போட்டு, நல்லெண்ணெய் தேய்த்து, நெஞ்சை நீவி, கையைக் குறுக்கே இழுத்துவிட்டு, திருப்பிப் போட்டு முதுகை அமுக்குவேன். யாரிடமும் விடாமல் மூன்று மாதம் நானேதான் செய்தேன். அவள் வீறிட்டு அழுவாள். குளித்தால் அழத்தானே செய்யும் என்று பாட்டுப் பாடிக்கொண்டே தேய்த்தேன். டாக்டருக்கு இதைச் செய்து காட்டப் போனேன், கை பாதியில் நின்றுவிட்டது. அவர், "உங்களுக்குத் தெரியாது," என்று மட்டும் சொன்னார். தெரியாதுதான். ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்று இருந்தது. விரல் விட்டு எண்ணியது.

ஏழு வாரம் கழித்து இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அவர் சொன்னதுதான். போலீஸ் ஃபைலை மூடினார்கள். குழந்தை டாக்டர் எங்களை உட்காரவைத்து, உங்களை அப்படிக் கேட்க வேண்டி வந்தது என்று வருத்தப்பட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உண்மையிலேயே அடிபட்டு வரும் பிள்ளைகளை அவர் எத்தனை பார்த்திருப்பார்.

அதற்குப் பிறகு புதிதாகத் தாயாகக் கற்றுக்கொண்டேன். அக்குளில் கை கொடுத்துத் தூக்கக்கூடாது. தலைக்கும் முதுகுக்கும் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே விரித்த இன்னொரு கை, ரொட்டித் தட்டைத் தூக்குவது மாதிரி. பாம்பர்ஸ் மாற்றக் காலைத் தூக்காமல், இடுப்புக்கு அடியில் கையை நுழைத்து உயர்த்த வேண்டும். தும்மினால்கூட பயமாக இருந்தது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வார்டில் படுத்து, நரம்பு வழியாக ஒரு மருந்து ஏற்றுகிறார்கள். எலும்பைக் கரைக்கும் செல்களை அது மெதுவாக்கும். இடிப்பது குறைந்தால், கட்டியது கொஞ்சம் தங்கும். குணமாக்கும் மருந்து இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். முதல் தடவை மருந்து ஏறியபோது கடுமையான காய்ச்சல் அடித்தது. நேசன் ஈரத்துணியை நெற்றியில் வைத்துவிட்டு, "எல்லாம் என்கிட்ட இருந்து வந்தது," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு நாங்கள் இருவரும் கேண்டீன் பேச்சைப் பற்றிப் பேசினோம். அவர் மன்னிப்புக் கேட்டார், நானும் கேட்டேன். அது எங்களுக்குள் முடிந்தது.

லெட்சுமி அக்கா வீடு பூட்டிக் கிடந்தது. சுங்கை செம்பிலாங்கில் ஒரு சீனர் கடலுணவுக் கடையில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டோம். யாழினிக்கு பத்து மாதம் ஆனபோது, டாக்டர் கடிதத்தை எடுத்துக்கொண்டு மூவரும் போனோம். மதியக் கூட்டம் முடிந்த நேரம். கடைக்குப் பின்னால், பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து அக்கா இறால் உரித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். எங்களைப் பார்த்தும் எழவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, சிமெண்ட், கண், எண்ணெய்க் குளியல். விலா எலும்பின் தேதி எனக்கு முதலிலேயே தெரியும் என்பதையும் சொன்னேன். நேசனுக்கே அன்றைக்குத்தான் அது முழுதாகப் புரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா இறால் உரிப்பதை நிறுத்தவில்லை. உரித்தபடியே பேசினார்.

"ஸ்டேஷன்ல அந்தப் பொம்பள பத்து தடவ கேட்டா. எப்படித் தூக்குன, எப்படி இழுத்தன்னு. வீட்டுக்கு வந்து நானே யோசிச்சேன். பாம்பர்ஸ் மாத்துறப்ப ஒரு சத்தம் கேட்டுச்சா, கேட்கலையா. அப்புறம் கேட்ட மாதிரியே இருந்துச்சு. நாந்தான் ஒடிச்சேன்னு நானே நம்பிட்டேன் கஸ்தூரி. அஞ்சு மாசமா."

"இல்லக்கா. யாரும் ஒடிக்கல."

"இப்ப சொல்ற."

நேசன் கடிதத்தை நீட்டினார். அக்கா கை ஈரம் என்று வாங்கவில்லை. "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுய்யா, வச்சுக்க," என்றார்.

நான் யாழினியைத் தட்டு மாதிரி ஏந்தி அவர் பக்கம் நீட்டினேன். "இப்படிப் புடிச்சா ஒன்னும் ஆகாதுக்கா. ஒரு தடவ வாங்குங்க."

அக்கா முக்காலியோடு பின்னால் நகர்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் இழுத்துக்கொண்டார். "வேணாம். தூக்காத. எங்கிட்ட வேணாம்." யாழினியை மட்டும் பார்த்தார், தலையில் இருந்து கால் வரை. "எப்ப நிப்பா?" என்று கேட்டார்.

"தெரியலக்கா. பெரியவளானா கால் எலும்புக்குள்ள கம்பி வைக்கணும்னு சொல்றாங்க."

அவர் தலையை ஆட்டினார்.

வாட்சாப் குழுவில் நடந்ததை எழுதப்போகிறேன், ஆஸ்பத்திரி நாட்களை முழுதாகவும் எழுதி எல்லோருக்கும் கொடுக்கப்போகிறேன், உங்கள் பெயரை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். அக்கா அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார்.

"எதுக்கு மாத்துற? போலீசுகிட்ட சொன்னப்ப பேரச் சொல்லித்தானே சொன்ன. இதையும் பேரச் சொல்லியே சொல்லு."

உள்ளே இருந்து முதலாளி கூப்பிட்டார். அக்கா இறால் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

குழுவில் அன்றைக்கே எழுதினேன். எல்லோரும் படித்துவிட்டதாகக் காட்டியது. இரண்டு பேர் கைகூப்பிய படம் அனுப்பினார்கள். யாரும் பிள்ளையை அவரிடம் திரும்பக் கொண்டுபோய் விடவில்லை. அவரும் திரும்பி வரவில்லை.

அதனால் இங்கேயும் எழுதுகிறேன். புக்கிட் ரோத்தானில் எங்கள் வரிசையில் குடியிருந்தவர், முனியாண்டி மகள் லெட்சுமி. என் மகளை ஆறு வாரம் பார்த்துக்கொண்டார். அவர் எந்த எலும்பையும் ஒடிக்கவில்லை. விலா எலும்பு முறிந்தபோது பிள்ளை என்னிடம்தான் இருந்தாள் என்பது, அவர் பெயரைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும்.